கறுப்புப் பட்டை ஒரு தொடக்கமே

கராத்தேயில் கறுப்புப் பட்டை கிடைத்துவிட்டால் எல்லாம் கற்றுவிட்டதாக எண்ணுகிறோம். கறுப்புப் பட்டையின் முதல் நிலைக்கு ஜப்பானிய மொழியில் 'ஷோடான்' என்று பெயர். 'ஷோ' என்றால் தொடக்கம் அன்றோ!

சென்ற ஆண்டு அதைப் பெற்ற நான், வெள்ளைப் பட்டை கட்டிய சிறுமி ஒருத்தி தடுமாறி விழுந்தபோது சிரித்துவிட்டேன். மறுவாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. என் பட்டை எனக்கே பாரமாயிற்று.

1868இல் ஒக்கினாவாவில் பிறந்த கிச்சின் ஃபுனகோஷி, கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்திலேயே முடிய வேண்டும் என்று கற்பித்தார். அவ்வணக்கம் எளியவருக்கும் உரியது. எனவே பெற்றோரும் ஆசிரியரும் இளம் வீராங்கனைகளிடம் பதக்கங்களை மட்டும் எதிர்பார்க்கலாகாது. பொறுமையையும் பணிவையும் கட்டாயம் கேட்க வேண்டும்.

அச்சிறுமியின் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். என் உண்மையான பயிற்சி அன்றுதான் தொடங்கியது.

– பத்தாம் வகுப்பு மாணவி