சாவுக் கணக்கின் சாவி யார் கையில்?

சாவு வீட்டில் அரசியல் பேசலாகாது என்பார்கள் பெரியவர்கள். நாமும் பேச விரும்பவில்லைதான். ஆனால் சாவுக் கணக்கையே அரசியலாக்கி வைத்திருக்கிறார்கள் டில்லியில் இருப்பவர்கள், வாய்மூடி இருப்பதெப்படி?

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2023இல் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது, மன்றத்திலே அமளி. அந்த அமளிக்கு நடுவே ஆகஸ்டு 1ஆம் நாள் மக்களவையில் நிறைவேறிற்று. 7ஆம் நாள் மாநிலங்களவையிலும் நிறைவேறிற்று. அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கும் வந்தது. நாடு விவாதித்ததா? இல்லை. மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றார்களா? அதுவும் இல்லை.

இத்துறை நமக்குப் புதிதல்ல. 1899ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்துக்கென்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இருந்தது. அந்நாளில் கிராமத்துச் சாவுக் கணக்கு மணியக்காரர் கையில். சேரியிலே ஒரு சாவு என்றால் எந்த இலட்சணத்தில் எழுதப்பட்டிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. இழவு சொல்லப் போனவனுக்கே இழவு நேர்ந்தால் எழுதுவார் யார்? பரம்பரைக் கிராம அதிகாரிகள் 1980இல் ஒழிந்தார்கள். இன்று கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர், பாலக்கோடு போன்ற ஊரில் பேரூராட்சி அலுவலகம், எல்லாவற்றுக்கும் மேலே தலைமைப் பதிவாளராக மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநர் என்று ஏற்பாடு. ஆள் நம்முடையவர், சம்பளம் நம்முடையது, உழைப்பு நம்முடையது. சட்டம் மட்டும் டில்லியுடையது! அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் 30ஆவது இனம் இது. பொதுப்பட்டியல் என்பது பேர்தான் பொது. இருவரும் கை வைத்தால் வெல்லும் கை எது என்பதை நாடறியும்.

சரி, திருத்தம் செய்வதென்ன? மாநிலத்துப் பதிவேடு அத்தனையும் டில்லியில் உள்ள தலைமைப் பதிவாளரின் தேசியத் தரவுத் தொகுப்புக்குப் போயாக வேண்டும். அங்கிருந்து மக்கள்தொகைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், ஆதார், குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், சொத்துப் பதிவு ஆகியவற்றை வைத்திருப்போர்க்கெல்லாம் தரலாம். தர அனுமதிப்பது யார்? டில்லி சர்க்கார். மாநிலத் தொகுப்பைப் பகிர மாநில அரசின் அனுமதி வேண்டும் என்று ஓர் ஒப்புக்கு எழுதியிருக்கிறார்கள். முன்வாசல் சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் தாங்கள் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

“செத்தவன் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கலாமா?” என்று கேட்பார்கள். இருக்கக் கூடாது, ஒப்புகிறோம். 2025 டிசம்பரில் வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் நீக்கப்பட்ட சுமார் 97 இலட்சம் பெயர்களில், இறந்தவர்கள் என்று குறிக்கப்பட்டவை மட்டும் ஏறத்தாழ 27 இலட்சம். இத்தனை காலம் ஓர் ஏட்டை இன்னோர் ஏடு பார்த்துப் பேசவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். ஆகவே பகிர்வதே பாவம் என்பதல்ல நமது வாதம். 2025 மே முதல் நாள், இறப்புப் பதிவை மின்னணு வழியே பெறுவோம் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தபோது, வாக்குச்சாவடி அலுவலர் நேரில் சென்று சரிபார்ப்பார் என்றும் சொல்லிற்று. நல்லதுதான். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் என்ன நடந்தது? பீகார்ப் பட்டியலில் செத்துவிட்டதாக எழுதப்பட்ட இருவரை உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே உயிரோடு அழைத்து வந்து நிறுத்தினார் யோகேந்திர யாதவ்! தவறு நேர்ந்திருக்கலாம் என்றது ஆணையத் தரப்பு. நேரட்டும், தவறு மனித இயல்பு. திருத்திக்கொள்ள வழி என்ன என்பதுதான் கேள்வி.

உத்தரப் பிரதேசத்து ஆசம்கட்டில் லால் பிகாரி என்றொருவர். சொந்தக்காரர்கள் நிலத்துக்காக அவரைக் காகிதத்திலே சாகடித்தார்கள். 1994 வரை போராடினார், தாம் செத்தவரல்லர் என்று மெய்ப்பிக்க. பெயருக்குப் பின்னால் ‘மிருதக்’, அதாவது இறந்தவன், என்று போட்டுக்கொண்டார். அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றும் பார்த்தார். கைப்பட எழுதிய ஓர் ஏட்டில் ஒரு வரி தவறியதற்கு இத்தனை ஆண்டு! இனி ஓரிடத்தில் தவறினால் ஏழு ஏட்டிலும் ஏறும். குடும்ப அட்டையில் பெயர் போகும், வாக்கு போகும், நிலத்தை விற்க முடியாது.

நம் பக்கத்து நிலைமையைப் பாருங்கள். மாதேசுவரன் மலையைக் கும்பிடும் இந்த வட்டாரத்தில் தெருவுக்கு நாலு மாதம்மாள், ஊருக்குப் பத்து மாதையன். நமக்குக் குலப்பெயர் கிடையாது. சாதிப் பட்டத்தை வெட்டியெறிந்த மண் இது. தந்தை பெயரின் முதலெழுத்தே போதும் நமக்கு. வடக்கத்திய வழக்கத்துக்கென்று வகுத்த கட்டத்தில் இந்தப் பெயர்களைத் திணித்து, இயந்திரத்தைப் பொருத்திப் பார்க்கச் சொன்னால், எந்த மாதம்மாள் செத்தாள், எந்த மாதம்மாள் களை பறிக்கிறாள் என்று அது எப்படி அறியும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதுதான் நம் மக்களுக்கு முக்கியம். சட்டப்படி, சாவு எங்கே நேர்ந்ததோ அங்கேதான் பதிவு. பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவன் அங்கே மாண்டால், சான்றுக்கு அவன் மனைவி கர்நாடகத்துக்கு நடக்க வேண்டும். திருத்தம் நடைமுறைக்கு வந்து ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. 2023 அக்டோபர் 7ஆம் நாள் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் தீ. கருகியவர் 14 பேருக்கு மேல். அவர்களில் பலர் நமது தர்மபுரி மாவட்டத்து ஏழைப் பிள்ளைகள். அத்தகைய வீடுகளுக்குச் சான்றிதழ் தானாக வந்து சேர வேண்டாமா? வாரிசுச் சான்றும், விதவை உதவித்தொகையும் அதன் பின்னாலேயே வர வேண்டாமா? பெயரை நீக்கப் பகிர்வோம் என்று ஏழு ஏட்டை எண்ணிச் சொன்னவர்கள், இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார்களா?

டில்லிக்குப் பகிர்வதிலே இத்தனை ஆர்வம் என்றால், தன் கையிலிருப்பதை நாட்டுக்குக் காட்டுவதில் எத்தனை ஆர்வம் இருக்க வேண்டும்! 2021ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு விவரத்தை வெளியிட்டது எப்போது? 2025 மே மாதத்தில்! 2020இல் 81 இலட்சமாக இருந்த பதிவான இறப்புகள் 2021இல் 1 கோடியே 2 இலட்சம் ஆயின. கொரோனா ஆண்டின் உண்மை நான்காண்டு பூட்டிக் கிடந்தது.

மாநிலம் என்ன செய்யலாம்? சட்டத்தின் கீழ் விதி செய்யவும் டில்லியின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 30ஆவது பிரிவு. தனிச் சட்டம் இயற்றினால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். நீட் விலக்கு மசோதா பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் குடும்ப அட்டை நம் துறை. உதவித்தொகை நம் துறை. பட்டா நம் துறை. மாநிலத் தொகுப்பைப் பகிர அனுமதிக்கும் அதிகாரமும் நம்முடையது. அந்த அனுமதியில் இரண்டு நிபந்தனை எழுத யார் தடுப்பார்? எழுத்து மூலம் வீட்டுக்கு அறிவிப்புத் தந்து, கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து, அதன் பிறகே எந்தப் பெயரையும் நீக்குவது என்பது ஒன்று. இறப்பு பதிவான அன்றே உதவித்தொகை விண்ணப்பத்தையும் வாரிசுச் சான்று விண்ணப்பத்தையும் அலுவலகமே தொடங்குவது என்பது மற்றொன்று.

அண்ணா மறைந்த 1969ஆம் ஆண்டில் வந்த சட்டம் இது. அதே ஆண்டில்தான் கலைஞர், மாநில உரிமைகளை ஆராய இராஜமன்னார் குழுவை அமைத்தார். 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மற்றொரு குழுவும் அமைந்தது. நீட்டையும் நிதியையும் பேசும்போது, பொதுப்பட்டியலின் இந்த 30ஆவது இனத்தையும் சேர்த்துப் பேசுங்கள் என்கிறோம். அதுவரை காத்திராமல், மேற்சொன்ன இரண்டு நிபந்தனைக்குமான ஆணை கோட்டையிலிருந்து புறப்படட்டும். அதற்கு டில்லியின் முத்திரை தேவையில்லை.