ஊசி ஒழியுமா?

"நீரிழிவுக்கு இனி ஊசி வேண்டாம், இன்சுலின் மாத்திரை வரப்போகிறது!" இச்செய்தியைக் கேட்டு மகிழாதார் யார்? ஆயினும் அறிவியல் பயிலும் நாம் மகிழ்ச்சியோடு நின்றுவிடலாமா? கணக்கையும் பார்க்க வேண்டாமா?

இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன புரதம். விழுங்கினால், உண்ட பருப்பைப் போலவே செரித்துப்போகும். தப்பிப் பிழைத்தாலும் குடற்சுவர் அதனை எளிதில் உள்ளே விடாது. 1922-இல் டொரண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதல் செலுத்திய நாள்தொட்டு ஊசி நிலைத்திருப்பது இதனாலேதான்.

நானோத் துகள் ஒரு வழி காட்டுகிறது. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானால் நுண்ணிய உறை செய்து, அதற்குள் இன்சுலினை வைத்து அனுப்புவர். உறை குடற்சுவரில் ஒட்டி, உயிரணுக்களின் இடைவெளியைச் சற்றே திறக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. 2024-இல் சிட்னி பல்கலைக்கழகத்தார் வெள்ளி சல்பைடு துகளில் இன்சுலினை ஏற்றி, பபூன் குரங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினர். பெருமைக்குரிய பணியே!

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் வேறொரு முறையில் செய்த மாத்திரை, நோயாளிகளிடம் ஊசிக்கு நிகராகவே வேலை செய்தது. 2019-இல் முடிவுகள் வெளியாயின. எனினும் அதைக் கைவிட்டனர். ஏன்? விழுங்கியதில் மிகச் சிறு பங்கே இரத்தத்தை அடைந்தது. ஊசிக்கு வேண்டியதைப்போல் பற்பல மடங்கு இன்சுலின் தேவைப்பட்டது. விலை கட்டுபடியாகவில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான்: துகளின் அளவையும் அழகையும் எழுதும் ஆய்வாளர், இரத்தத்தில் சேர்ந்த பங்கையும் ஒரு நாள் மருந்தின் செலவையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். தொடக்கத்திலேயே விலை பேசினால் ஆராய்ச்சி முடங்காதா என்பர் சிலர். இன்சுலினைக் கண்டவர்கள் 1923-இல் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கே டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். எளியோரை எண்ணியதால் அவர்கள் அறிவு முடங்கிற்றா?

பள்ளிவாசலில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு எட்டாத மாத்திரை, அவளைப் பொறுத்தவரை இன்னும் கண்டுபிடிக்கப்படாத மாத்திரையே.

நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது லயத்துப் பெரியோரிடம் ஒன்று சொல்லுங்கள்: மாத்திரை வருகிறதென்று ஊசியை நிறுத்தாதீர்கள், ஒருவேளையும் தவறவிடாதீர்கள்!

1940-இல் பள்ளிவாசலில் பிறந்த மின்சாரம் மலையிறங்கி நாட்டுக்கு ஒளி தந்தது. கீழே பிறக்கும் அறிவு மலையேற வேண்டாமா?