தூசுகள் அணிவகுக்கும் விந்தை

இராஜபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ளது அய்யனார் கோவில் வனப்பகுதி. அருவியை நாடி அங்கே செல்வோர், மரக்கிளைகளின் ஊடே இறங்கும் கதிரொளியில் எண்ணற்ற தூசுகள் மிதப்பதைக் கண்டிருப்பர். அவற்றுள் ஒன்றேனும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. காற்று இழுத்த பக்கமெல்லாம் அலைகின்றன. ஒழுங்கின்மைக்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா?

அத்தகைய தூசுகள், கல்லுப்பினுள் அணுக்கள் நிற்பதுபோல், வரிசை பிறழாமல் அந்தரத்தில் நிற்கக்கூடுமா? நிற்கும் என்கிறது அறிவியல். நம் நாட்டிலேயே, குஜராத் மாநிலம் காந்திநகரை அடுத்த பட் என்னும் ஊரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் இதனைச் செய்து காட்டியிருக்கின்றனர்.

பிளாஸ்மா என்றதும் இரத்தத்தின் நீர்ப்பகுதியே பலருக்கும் நினைவில் எழும். இயற்பியல் கூறும் பிளாஸ்மா வேறு. வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து திரியும் நிலை அது. சூரியனும் மின்னலும் பிளாஸ்மாவே. நம் வீட்டுக் குழல் விளக்கினுள் ஒளிர்வதும் அதுவே. திண்மம், நீர்மம், வாயு ஆகிய மூன்றையும் அடுத்து வரும் இந்த நான்காம் நிலைதான் மிகவும் கட்டுப்பாடற்றது. இதனுள் நுண்ணிய தூசுகளையும் கலந்தால் அதற்குக் 'கலப்புப் பிளாஸ்மா' என்று பெயர். கட்டற்ற பிளாஸ்மாவோடு அலையும் தூசு சேர்ந்தால் குழப்பம் இரட்டிப்பாகும் என்றுதானே எண்ணுவோம்? நடப்பதோ நேர்மாறானது.

படிகம் பிறக்கும் விதம்

காற்றை வெளியேற்றிய கலத்தினுள் ஆர்கான் வாயுவைச் சிறிதளவு செலுத்துகின்றனர். அதன் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. மின்சாரம் பாய்ந்ததும் வாயு பிளாஸ்மாவாகி ஒளிர்கிறது. பின்னர், தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே உள்ள பிளாஸ்டிக் உருண்டைகளை மேலிருந்து தூவுகின்றனர். அவை யாவும் ஒரே அளவினவாக இருப்பது இன்றியமையாதது.

எலக்ட்ரான்கள் அயனிகளைவிட மிக இலேசானவை, வேகமும் மிக்கவை. எனவே உருண்டைகளின்மேல் முந்தி வந்து ஒட்டிக்கொள்பவை அவையே. ஒவ்வோர் உருண்டையும் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்களைத் தாங்கி எதிர்மின்னூட்டம் பெறுகிறது. கீழே உள்ள மின்தகட்டின் அருகில் மேல்நோக்கித் தள்ளும் மின்விசை உண்டு. புவியின் ஈர்ப்பும் அம்மின்விசையும் சமமாகும் உயரத்தில் உருண்டை அந்தரத்தில் நின்றுவிடுகிறது. எல்லாம் ஒரே எடை உடையவை ஆதலால் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றன. விரித்த பாய்போல் ஒரே அடுக்கு உருவாகிறது. இதனையே இருபரிமாண அடுக்கு என்கின்றனர்.

இனி நடப்பதே விந்தை. ஒத்த மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்கும். ஆகவே ஒவ்வோர் உருண்டையும் தன் அண்டை உருண்டைகளை எட்டத் தள்ளுகிறது. ஓரத்தில் அமைந்த விளிம்போ எதையும் வெளியே போக விடுவதில்லை. வெளியேறவும் முடியாமல், நெருங்கவும் முடியாமல் அலையும் உருண்டைகளின் வேகத்தை ஆர்கான் அணுக்கள் மோதி மோதித் தணிக்கின்றன. வேகம் தணியத் தணிய, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஆறு அண்டையருடன் சம தூரத்தில் அமைகிறது.

ஏன் ஆறு? ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை மேசைமீது வைத்து, அதைத் தொட்டவாறு அதே அளவுள்ள நாணயங்களை அடுக்கிப் பாருங்கள். சரியாக ஆறு அமையும், ஏழாவதற்கு இடமிராது. நாணயங்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. தூசுகளோ தொடாமலே அவ்வடிவை அடைகின்றன. அதுவே வேறுபாடு.

கணிப்பும் காட்சியும்

இவ்வாறு நிகழக்கூடும் என்று 1986-இல் இக்கேஸி என்ற இயற்பியலாளர் கணித்துக் கூறினார். 1994-இல் ஜெர்மனி, தைவான், ஜப்பான் ஆகிய நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் அதனைக் கண்ணெதிரே காட்டின. இத்துறையில் இந்தியரின் பங்கும் பெரிது. பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராகிய பிரதிமான் காவ், அபிஜித் சென் ஆகிய இருவரும், நீர்ம நிலையிலுள்ள தூசிலும் திண்மத்தைப் போல் குறுக்கலை பரவும் என்று 1998-இல் கணித்தனர். அந்த அலை 2002-இல் அதே நிறுவனத்தின் சோதனையில் காணப்பட்டது.

உப்பிலும் உலோகத்திலும் உள்ள அணுக்களை நாம் வெறும் கண்ணால் காண இயலாது. ஆனால் தூசுப் படிகத்தில் உருண்டைகளின் இடைவெளி மில்லிமீட்டரின் ஒரு பகுதி அளவுக்கு உள்ளது. மெல்லிய லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சாதாரண வீடியோ கேமராவே ஒவ்வோர் உருண்டையையும் தனித்தனியே படம் பிடித்துவிடும். படிகம் எவ்வாறு உருகுகிறது, எவ்வாறு மீண்டும் உறைகிறது என்பதை ஒவ்வொரு துகளாகப் பின்தொடரலாம். இதுவே இவ்வாய்வின் பெரும்பேறு.

அப்படிப் பார்த்ததில் ஓர் உண்மை புலப்பட்டது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் மின்துடிப்பு ஒன்றால் இத்தகைய படிகத்தை உருக்கி, அது மீண்டும் உருவாவதைக் கவனித்து 2007-இல் வெளியிட்டனர். ஒழுங்கு எங்கும் ஒரே சமயத்தில் பிறக்கவில்லை. அங்கங்கே சிறு சிறு ஒழுங்கான திட்டுகள் தோன்றின. ஒவ்வொரு திட்டும் வெவ்வேறு திசை நோக்கியிருந்தது. இத்தகைய திட்டுகள் சந்திக்கும் எல்லைகளில் சில உருண்டைகளுக்கு ஐந்து அண்டையரும், சிலவற்றிற்கு ஏழு அண்டையரும் அமைந்துவிடும். இவையே படிகத்தின் குறைகள். தட்டையான படிகம் உருகுவதில் இக்குறைகளின் பங்கு என்ன என்பது பற்றிக் காஸ்டர்லிட்ஸ், தௌலெஸ் ஆகியோர் 1970-களில் ஒரு கோட்பாடு வகுத்தனர். 2016-இல் நோபல் பரிசில் அவர்கள் பங்கு பெற்றனர். தூசுப் படிகம் எல்லா நேரங்களிலும் அக்கோட்பாட்டின் வழியேதான் உருகுகிறதா என்பதில் ஆய்வாளரிடையே இன்றளவும் கருத்தொற்றுமை இல்லை.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். கணிப்பொறியின் சில்லுகளைச் செதுக்கப் பிளாஸ்மாவே பயன்படுகிறது. அதில் மிதக்கும் தூசு சில்லின்மேல் படிந்தால் சில்லு பழுதாகும். அணுக்கரு இணைவு உலைகளிலும் தூசு ஒரு தொல்லையே. தூசின் இயல்பை அறிந்தாலன்றி அதனை விலக்க வழி தெரியாது.

நெருங்கினால்தான் ஒழுங்கு பிறக்கும் என்று நாம் எண்ணுகிறோம். தூசுகளோ ஒன்றையொன்று விலக்கியபடியே ஒழுங்கு காண்கின்றன. அதற்கு அவற்றிற்குத் தேவைப்பட்டவை இரண்டே: மீற முடியாத ஓர் எல்லை, வேகம் தணிவதற்குச் சிறிது அவகாசம்.