ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர்: பழைய எஸ்.யு.வி-க்கு எது பொருந்தும்?

திருச்சியில் ஒரு குடும்பம். 2009-ல் வாங்கிய பெட்ரோல் எஸ்.யு.வி. பதினைந்து வருடம் முடிந்து, ஆர்.சி-யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். குலதெய்வம் கோயில், ஊர்க் கல்யாணம் எல்லாம் இந்த வண்டியில்தான். சில மாதங்களாக டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு அணைவதே இல்லை. மேடு ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது. அடியில் இருந்து, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம்.

மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "கன்வெர்ட்டர் போயிருச்சு சார். கம்பெனி பார்ட் விலையைக் கேட்டா வண்டியையே வித்துடலாம்னு தோணும். உள்ளே இருக்கிறதைக் குத்தி எடுத்துடறேன். வெறும் டப்பாவா மாட்டிட்டா வண்டி பறக்கும்."

கல்லூரியில் படிக்கும் மகனுக்கு வேறு யோசனை. "ஹை-ஃப்ளோ போடலாம்ப்பா. பவரும் ஏறும், சவுண்டும் நல்லா இருக்கும்."

அம்மா சொன்னது ஒன்றுதான். "நீண்ட தூரம் போனா பின் சீட்டுல புகை வாசனை வருது. முதல்ல அதைப் பாருங்க."

மூவரில் சரியான இடத்தில் கை வைத்தவர் அம்மாதான்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது சைலன்சர் அல்ல. இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன ரசாயனக் கூடம். உள்ளே தேன்கூடு போல ஆயிரக்கணக்கான நுண்துளைகள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் மெல்லிய பூச்சு. சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியதும் வேலை தொடங்கும். கார்பன் மோனாக்ஸைடு, கார்பன் டை ஆக்ஸைடாக மாறும். எரியாத பெட்ரோல், நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடுமாகும். நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உடைந்து சாதாரண நைட்ரஜனாகும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது.

இதைக் குத்தி எடுத்துவிட்டால் அந்தக் கார்பன் மோனாக்ஸைடு அப்படியே வெளியே வரும். குழாயிலோ கேஸ்கெட்டிலோ ஒரு கசிவும் சேர்ந்துவிட்டால், அது வண்டிக்குள்ளும் வரலாம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பின் சீட்டில் அடிக்கும் புகை வாசனை அதனுடைய வாசனை அல்ல. ஆனால், அதுவும் கூடவே வந்துகொண்டிருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை. பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டு வரும் வண்டியில் இந்த விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

சரி, புதிது வாங்கலாம். அதற்கு முன் ஒரு கேள்வி: பழையது ஏன் செத்தது? கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. இன்ஜின்தான் அதைக் கொல்கிறது. ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ சரியாக வேலை செய்யாவிட்டால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். இன்ஜின் ஆயில் குடித்தால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து அதை மூடிவிடும். ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் கசிந்தாலும் இதே கதைதான். காரணத்தைச் சரிசெய்யாமல் புதிதை மாட்டினால், சில மாதங்களில் அதுவும் பழையதன் வழியில் போகும்.

ஸ்கேனரில் P0420 என்று வந்தவுடன் கன்வெர்ட்டர் ஆர்டர் செய்துவிடுவதும் தவறு. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. பின்னால் இருப்பது எதிர்பார்த்ததைவிட அதிகம் ஆடினால், 'கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது' என்று இன்ஜின் கம்ப்யூட்டர் இந்தக் குறியீட்டைக் காட்டும். சென்சார் கெட்டிருந்தாலும், பக்கத்தில் கசிவு இருந்தாலும் இதே குறியீடு வரும். அடைப்பு இருக்கிறதா என்று உறுதி செய்ய எளிய வழி உண்டு. முன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 2,500 ஆர்.பி.எம்-மில் 3 பி.எஸ்.ஐ-க்கு மேல் காட்டினால் அடைப்பு இருக்கிறது. கூழாங்கல் சத்தம் கேட்கும் வண்டிக்கு இவ்வளவு விசாரணை தேவையில்லை. செராமிக் தேன்கூடு உள்ளே நொறுங்கிக் கிடக்கிறது என்பதைத் தட்டினாலே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது மகனின் 'ஹை-ஃப்ளோ'வுக்கு வருவோம். கம்பெனியில் இருந்து வரும் கன்வெர்ட்டர்களில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 அல்லது அதற்கும் மேற்பட்ட துளைகள் இருப்பது வழக்கம். ஹை-ஃப்ளோ என்று விற்கப்படுபவற்றில் பல, 200 அல்லது 300 துளைகள் கொண்டவை. துளை பெரிது, புகை தடையின்றிப் போகும். ஆனால் புகை உரசிச் செல்லும் பரப்பு குறைகிறது, சுத்தம் செய்யும் வேலையும் குறைகிறது. பின் சென்சார் இதைக் கண்டுபிடித்துவிடும்; பல வண்டிகளில் அதே P0420 மறுபடி எரியும். அந்த விளக்கை ஏமாற்ற, சென்சாருக்கு அடியில் 'ஸ்பேசர்' வைத்துத் தருவார்கள். வியாதியை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை மாற்றும் வைத்தியம் இது.

பவர்? டர்போ இல்லாத, எந்த மாற்றமும் செய்யாத பழைய இன்ஜினில், நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஹை-ஃப்ளோ மாட்டினால் கிடைக்கும் லாபம் ஓட்டும்போது தெரியாத அளவுக்குச் சின்னது. "மாத்தினதும் வண்டி பறக்குது" என்பவர்கள் பெரும்பாலும் அடைத்துப்போனதை எடுத்தவர்கள். அடைப்பு நீங்கினால் எதை மாட்டினாலும் பறக்கத்தான் செய்யும்.

குடும்ப வண்டிக்குப் பொருத்தமானது, 400 துளைகள் கொண்ட, உலோகத் தகட்டில் செய்த தேன்கூடு. தகடு மிக மெல்லியது என்பதால், துளை எண்ணிக்கை குறையாமலே புகைக்கு வழி அதிகம் கிடைக்கும். சீக்கிரம் சூடேறும். வேகத்தடையில் அடி வாங்கினாலும் செராமிக் போல எளிதில் நொறுங்காது. வாங்கும்போது உங்கள் இன்ஜினின் சி.சி., வண்டியின் எடை, பாரத் ஸ்டேஜ் தரம் மூன்றையும் சொல்லி, அதற்குரியதுதானா என்று எழுத்தில் கேளுங்கள். விலை மலிவானவற்றில் குறைவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த உலோகம்தான். வெளியே பார்த்தால் எல்லா டப்பாவும் பளபளப்பாகத்தான் இருக்கும். குழாயின் விட்டம் பழையதைப் போலவே இருக்கட்டும். பழையது இருந்த அதே இடத்தில்தான் புதியதும் வர வேண்டும். இன்ஜினில் இருந்து தள்ளி வைத்தால் சூடேறத் தாமதமாகும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ஆபத்து.

வெப்பத் தடுப்புத் தகட்டைப் பல ஒர்க்‌ஷாப்களில் 'சும்மா ஆடிக்கிட்டு இருக்கு' என்று மூலையில் போட்டுவிடுவார்கள். நம் ஊர்ச் சாலைகளில் கொள்ளும் சோளத்தட்டையும் பரப்பிவைத்து வண்டிகளை ஏறவிடுவது வழக்கம். காய்ந்த தட்டை அடியில் சுற்றிக்கொண்டு, சூடான கன்வெர்ட்டரில் பட்டால் தீப்பிடிக்கும். அந்தத் தகட்டைக் கேட்டு வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

டீசல் எஸ்.யு.வி. வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். டீசலில் இருப்பது வேறு வகை கன்வெர்ட்டர். பெட்ரோல் வண்டிக்கானது அதில் பயன்படாது.

சட்டமும் சும்மா இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. புகை விதியை மீறினால் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸுக்கும் மூன்று மாதம் தடை. பாரத் ஸ்டேஜ்-3 பெட்ரோல் கார் ஐடிலில் கார்பன் மோனாக்ஸைடு 0.5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டர் மாற்றியவுடன், இன்ஜின் நன்றாகச் சூடான நிலையில் ஒரு முறை புகைப் பரிசோதனை செய்து, அந்தச் சீட்டை பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கழற்றிய பழைய கன்வெர்ட்டரை "இது குப்பை சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள். 2021-ல் ரோடியத்தின் விலை ஓர் அவுன்ஸ் 25,000 டாலரைத் தாண்டியது. இப்போது அவ்வளவு இல்லையென்றாலும், பழையதற்கும் விலை உண்டு. பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

திருச்சிக் குடும்பம் கடைசியில் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. ஓர் இக்னிஷன் காயில் பலவீனம். மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு. இரண்டையும் சரிசெய்த பிறகுதான் 400 துளை கன்வெர்ட்டர் மாட்டினார்கள். விளக்கு அணைந்தது. புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறியது. அடுத்த வாரமே ராமேஸ்வரம் போய் வந்தார்கள். அம்மா பின் சீட்டில்தான் உட்கார்ந்தார். வாசனை இல்லை என்றார். சவுண்டு கொஞ்சம்கூட ஏறவில்லையே என்று மகனுக்கு மட்டும் வருத்தம்.