அந்த 150 சொற்களை யார் எழுதுவது?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றி நம் சிற்றிதழ்ச் சூழலில் இரண்டு வகைக் கட்டுரைகள்தாம் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன. ஒன்று ஒப்பாரி: மண் போயிற்று, மொழி போயிற்று, வேர் போயிற்று. மற்றது வாழ்த்துப்பா: தமிழன் உலகெங்கும் பரவிவிட்டான். இரண்டிலும் அந்த மாணவன் இல்லை. அவன் பையில் இருக்கும் காகிதங்கள் இல்லவே இல்லை. அவன் அந்த நாட்டில் ஓர் இரவு தங்குவதற்கும் உரிமை தருவது அவனது புலமையோ வேரோ அன்று. மாணவர் வசிப்பு அனுமதி என்னும் ஆவணம். அதற்கான விண்ணப்பத்தை ஒரு மொழிப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும், அதைத் தமிழாசிரியர்களே பேச வேண்டும் என்பது என் கட்சி.

விண்ணப்பம் என்றதும் பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கட்டங்களில் நிரப்புவது என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பணம் முக்கியம்தான். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் காட்டச் சொல்கிறது. ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்த்தியது. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. செல்லம்பட்டியிலும் சோழவந்தானிலும் வயலை அடகு வைத்துக் கட்டப்படும் பணம் இது.

ஆனால் பணத்துக்கு அப்பால் இன்னொன்று கேட்கப்படுகிறது. ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் ‘உண்மையான மாணவர்’ என்றொரு விதியைக் கொண்டுவந்தது. உன் குடும்பச் சூழல் என்ன, இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தாய், இதனால் உனக்கு என்ன பயன் என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 150 சொற்களுக்குள் விடை எழுதவேண்டும். கனடாவுக்குப் படிப்புத் திட்டம் எழுதவேண்டும். ஜெர்மனிக்கு ஊக்கக் கடிதம். பிரிட்டனில் அதிகாரி நேர்காணலுக்கு அழைத்து, எழுதியதையே வாயால் சொல்லச் சொல்லலாம். ஆக, இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை நோக்கி ஓர் அரசு ‘நீ யார், ஏன் வருகிறாய்’ என்று கேட்கிறது. பதினைந்து ஆண்டுகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்தவனிடம் இந்தக் கேள்வியை நாம் ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா?

கேட்கவில்லை. அதனால்தான் அந்த விடையை ஏஜெண்டு எழுதுகிறார்.

இரண்டாண்டுகளுக்கு முன் மூன்று மாணவர்கள் தங்கள் நோக்க அறிக்கைகளைக் காட்டினார்கள். ஒருவர் வேதியியல், ஒருவர் வணிகவியல், ஒருவர் கணினி. மூன்றும் ஒரே வாக்கியத்தில் தொடங்கின. மூவருக்கும் சிறுவயது முதலே அந்தந்தத் துறையில் தணியாத ஆர்வம். மூவரின் தந்தையரும் கடின உழைப்பாளிகள். மூவரும் படிப்பு முடிந்து தாய்நாட்டுக்குத் தொண்டாற்றத் திரும்புவார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். வேதியியல் மாணவரின் அப்பா தேனி சாலையில் டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருப்பவர். ரப்பர் எப்படி ஒட்டுகிறது என்ற கேள்விதான் அந்தப் பையனை வேதியியலுக்கு இழுத்துவந்தது; வகுப்பில் ஒருமுறை அவரே சொன்னார். அறிக்கையில் அதைத் தேடினேன், இல்லை. உண்மையாக இருந்த ஒரே செய்தியை நீக்கிவிட்டுத் தயாரிக்கப்பட்ட அறிக்கை அது.

இதற்கு ஏஜெண்டை மட்டும் வைது பயனில்லை. கோனார் உரையிலிருந்து கல்லூரி நோட்ஸ் வரை நாம் பழக்கியது இதைத்தானே? கவிதையின் மையக்கருத்தைக்கூட அச்சிட்ட தாளிலிருந்து மனப்பாடம் செய்தால் மதிப்பெண். சொந்தமாக எழுதினால் ‘விடைக்குறிப்பில் இல்லை’ என்று சிவப்பு மை. தன் வாக்கியத்துக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொண்ட மாணவன் பிறர் எழுதிய வாக்கியத்தைக் காசு கொடுத்து வாங்குவதில் வியப்பென்ன?

மதுரை கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர்களைப் பலரும் ஏளனமாகப் பேசுவதுண்டு. ஆனால் அவர்கள் முதலில் கேட்கிறார்கள். ‘என்னம்மா ஆச்சு? எப்ப ஆச்சு? பட்டா யார் பேர்ல இருக்கு?’ சொல்வதைக் கேட்டுவிட்டே எழுதத் தொடங்குகிறார்கள். குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்து அயல்நாட்டுக் கனவு விற்பவர்களில் பலர் அந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்பதில்லை.

*

பிறர் கையால் வாங்கிய காகிதம் என்ன செய்யும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2011 ஜனவரியில் கலிபோர்னியாவின் ட்ரைவேலி பல்கலைக்கழகம் சோதனையிடப்பட்டு மூடப்பட்டபோது, அங்கே பதிந்திருந்த இந்திய மாணவர்கள் சிலரின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. கனடாவில் 2023-இல், ஏஜெண்டு கொடுத்த போலிச் சேர்க்கைக் கடிதத்தோடு போய்ப் படிப்பையே முடித்துவிட்ட பஞ்சாப் மாணவர்களுக்கும் நாடு கடத்தும் அறிவிப்பு வந்தது. தெருவில் இறங்கிப் போராடிய பிறகே, ஏமாற்றப்பட்டவர்கள் யார், உடந்தையானவர்கள் யார் என்று தனித்தனியாக ஆராய அந்த அரசு ஒப்புக்கொண்டது. அப்போதும் ‘எனக்குத் தெரியாது’ என்பதை ஒவ்வொருவரும் தாமே நிறுவவேண்டியிருந்தது. தன் பெயரில் போகும் காகிதத்தைத் தான் படிக்காதவனுக்கு அது எவ்வளவு கடினம்!

போய்ச் சேர்ந்ததும் விஷயம் முடிவதில்லை. ஜெர்மனிக்குப் போகும் மாணவர் பெரும்பாலும் நுழைவு விசாவோடு இறங்குகிறார். முகவரியைப் பதிந்து, அந்த விசா காலாவதியாகும் முன் அயல்நாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகம் தாமதித்தால், முடிவு வரும்வரை பழைய உரிமை நீடிப்பதாகக் கொள்ளும் இடைக்காலச் சான்று ஒன்று தருவார்கள். அதன் ஜெர்மன் பெயர் ‘ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங்’. புனைவுச் சான்று! சட்டம் தானே ஒப்புக்கொள்ளும் புனைவு. ஆனால் உரிய தேதிக்குள் விண்ணப்பித்தவர்களுக்கே அந்தப் புனைவு கைகொடுக்கும். பிறகு அனுமதியை நீட்டிக்கும்போது, படிப்பை நியாயமான காலத்துக்குள் முடிக்க முடியுமா என்று பார்ப்பார்கள். பின்தங்கியிருந்தால் ஏன் என்று விளக்கவேண்டும். அங்கே ஏஜெண்டு வரமாட்டார்.

என் முன்னாள் மாணவர் ஒருவர் அப்படி ஒரு விளக்கக் கடிதத்துக்காக இரவில் அழைத்தார். ‘ஐயா, மாதிரி ஏதாவது இருக்கா?’ மாதிரி கிடையாது, நடந்ததை முதலில் தமிழில் எழுதி அனுப்புங்கள் என்றேன். வந்தது இரண்டே வரி: தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தேர்வுகளில் கலந்துகொள்ள இயலாமற் போயிற்று. நம் பள்ளிகளின் விடுப்பு விண்ணப்பம் ஒரு மனிதனை ஜெர்மனி வரை துரத்திக்கொண்டு போகிறது! நான்கு முறை பேசிய பிறகே உண்மை வந்தது. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. உடனிருக்க வேறு ஆளில்லை. எந்தத் தேதியில் ஊர் வந்தார், எந்த இரண்டு தேர்வுகள் தவறின, அவற்றை எந்த மாதம் எழுதப்போகிறார். அதை அவரே ஒரு பக்கத்தில் எழுதினார், பிறகு அவரே மொழிபெயர்த்தார். அதில் ஓர் அணிகூட இல்லை. அண்மையில் நான் படித்த நல்ல தமிழ் உரைநடை அது. அனுமதி நீட்டிக்கப்பட்டது. கடிதத்தால்தான் என்று உரிமை கொண்டாட மாட்டேன். ஆனால் தன் வாழ்க்கையில் நடந்ததைத் தன் சொல்லில் சொல்ல அவருக்கு நான்கு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன. அந்தக் கணக்கு நம் துறைக்கு உரியது.

*

மறுப்புகள் வரும். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தானே, தமிழாசிரியருக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். எந்த மொழியிலும் தெளிவாக யோசிக்காதவன் ஆங்கிலத்தில் மட்டும் எப்படித் தெளிவாக எழுதுவான்? வாங்கிய ஆங்கிலம் பளபளக்கும். நேர்காணலில் ஒரு துணைக்கேள்வி வந்தால் உடையும்.

விண்ணப்பம் இலக்கியமாகுமா என்று கேட்கும் தூய இலக்கியவாதிகளுக்கு ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவலை நினைவுபடுத்துகிறேன். அது பிரான்சில் அகதி அந்தஸ்து கோரும் விண்ணப்பக் கடிதத்தோடு தொடங்குகிறது. ஈழத்தமிழர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வடிவத்தைக் கற்றார்கள். அதிலிருந்து இலக்கியம் செய்தார்கள். நம் மாணவனுடைய நெருக்கடி அகதியுடையது அன்று. இரண்டையும் ஒன்றாக்குவது அநியாயம். ஆனால் அதிகாரத்தின் முன் தன் கதையைத் தானே சொல்லவேண்டிய நிலை இருவருக்கும் பொது.

மூன்றாவது மறுப்பு வலுவானது. இந்தக் கேள்விகளே அநீதியானவை அல்லவா? பணக்கார நாட்டுப் பிள்ளை பெட்டியோடு போய் இறங்குகிறான். நம் பிள்ளை மட்டும் தன் நேர்மையை 150 சொற்களில் மெய்ப்பிக்க வேண்டுமா? அநீதிதான். ஜெர்மனி விசா மறுப்புக்கு எதிராகத் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கோரும் வழியை 2025 ஜூலையில் உலகெங்கும் மூடிவிட்டது. இனி மறுபடி விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போகலாம். கதவு குறுகிக்கொண்டே வருகிறது. அதை எதிர்த்து எழுதுவோம். ஆனால் அந்த எதிர்ப்பைச் சாக்காக வைத்து, இன்று வரிசையில் நிற்பவனை ஊமையாக அனுப்பக் கூடாது.

நான் கேட்பது புதிய துறையோ நிதியோ அன்று. எங்கள் கல்லூரிகளில் அறிவியல், வணிகவியல் மாணவர்களும் பகுதி ஒன்று தமிழைப் படிக்கிறார்கள். அந்தத் தாளில் ஒரே ஒரு வினா: நீ யார், என்ன படிக்கிறாய், ஏன்? 150 சொற்கள். விடைக்குறிப்பு கிடையாது. ‘தணியாத ஆர்வம்’, ‘தவிர்க்க இயலாத சூழ்நிலை’ வந்தால் மதிப்பெண் குறைப்பு.

நாகமலை புதுக்கோட்டைக்கு அருகே கீழக்குயில்குடியில் சமணமலை இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டெழுத்தில், குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்தவர்கள் தாம் செய்வித்த திருமேனிகளின் கீழே எழுதிவைத்திருக்கிறார்கள்: இன்ன பள்ளி, இன்னாருடைய மாணாக்கர், இன்னார் செய்வித்தது. வாய்பாடு ஒன்றுதான். ஆனால் பெயரும் ஆசிரியரும் செயலும் அவரவருடையவை. அந்த மலையைக் கடந்து வகுப்புக்கு வரும் மாணவனிடம், அவ்வளவேனும் தன்னைப் பற்றித் தானே எழுதும் சொல் இருக்கவேண்டும். அதைக் கொடுக்காமல் சங்கப் பெருமை பேசும் தமிழ்த்துறைகள் அந்தப் பெருமையைக் கொஞ்ச காலம் ஒத்திவைக்கலாம்.