நெஞ்சில் பேட்ஜ் உண்டு. நியூட்ரானை அது அளக்கிறதா?

கோலாலம்பூர்: 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குக் கொண்டு வந்த கதிரியக்கக் கருவி ஒன்று வழியில் காணாமல் போனது. எடை சுமார் 23 கிலோ. உள்ளே இருந்தது இரிடியம்-192. கிள்ளான் பள்ளத்தாக்கே கலங்கியது. தொலைந்த கருவி செய்தியாகிறது. தொலையாத கருவியோடு அன்றாடம் வேலை செய்பவரின் நிலை செய்தியாவதில்லை.

இரிடியம் வெளியிடும் காமா கதிரை வழக்கமான பேட்ஜ் பதிவு செய்துவிடும். நியூட்ரான் அப்படியல்ல. சாலைப் பணியில் மண்ணின் இறுக்கத்தையும் ஈரத்தையும் பார்க்கும் அணுக் கருவிகள் பலவற்றில் இரண்டு மூலங்கள் இருக்கும். இறுக்கத்துக்கு சீசியம்-137, ஈரத்துக்கு அமெரிசியம்-பெரிலியம். இரண்டாவது மூலம் நியூட்ரானை வீசுகிறது.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஈயத்தை எளிதில் கடந்துவிடும். தண்ணீரும் மெழுகும் பிளாஸ்டிக்கும்தான் அதன் வேகத்தைக் குறைக்கும். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர்தானே! ஒரே அளவு ஆற்றல் உடலில் சேர்ந்தாலும், காமாவைவிட நியூட்ரானின் பாதிப்பு 20 மடங்கு வரை எனக் கணக்கிடப்படுகிறது.

அதனால் இதற்குத் தனி அளவி வேண்டும். சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் வில்லை அவற்றில் ஒன்று. நியூட்ரான் மோதிய தடங்களை இரசாயனத்தால் துலங்கச் செய்து, நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். எந்த அளவியானாலும் உடலோடு ஒட்டி அணிய வேண்டும். லாரியில் தொங்கவிட்டால் கணக்கு பொய்.

அணுசக்தி உரிமச் சட்டம் 1984-இன் கீழ் வந்த 2010 விதிமுறைப்படி, தொழிலாளருக்கான வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். முறையாகக் கையாண்டால் சாலைக் கருவிகளால் அந்த வரம்பை நெருங்குவது அரிது. ஆனால் நியூட்ரானைக் காணாத பேட்ஜ் 'பூஜ்யம்' காட்டினால், கதிர்வீச்சு இல்லை என்று பொருளல்ல. அது அளக்கப்படவில்லை என்றே பொருள்.

குத்தகை மாறி, கம்பெனி மாறிப் போகும் தொழிலாளருக்குப் பழைய பதிவுதான் பிற்காலச் சாட்சி. பதிவைத் தொழிலாளர் பார்க்க வழி செய்ய வேண்டும் என்கிறது அனைத்துலக அணுசக்தி முகமையின் தரநிலை. அவருக்கு 75 வயதாகும் வரையிலும், வேலையை விட்டபின் குறைந்தது 30 ஆண்டுகளும் பதிவு காக்கப்பட வேண்டும்.

எனவே முதலாளியிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். கருவியில் நியூட்ரான் மூலம் உள்ளதா? பேட்ஜ் அதை அளக்கிறதா? என் பதிவின் நகல் கிடைக்குமா? கேட்பது குற்றமல்ல. கேட்காமல் போனால், நோய் வரும் நாளில் கையில் காட்ட ஒரு தாள்கூட இருக்காது.