6,000 ரூபாய்க்குக் கைமுடிச்சுக் கம்பளமா? கணக்கு இடிக்கிறதே!

மார்கழி, தை மாதங்களில் ஓசூரில் காலையில் வெறுங்காலைத் தரையில் வைக்க முடியாது. அதிலும் கிருஷ்ணகிரி கிரானைட் போட்ட வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சிப்காட் வேலைக்காகவும் பெங்களூரு வேலைக்காகவும் இங்கே குடியேறிய குடும்பங்கள் ஹாலுக்கு ஒரு கம்பளி விரிப்பு தேடி செல்போனைத் திறக்கின்றன. உடனே வந்து விழுகிறது விளம்பரம்: ‘முழுக்கக் கையால் முடிச்சிட்டது, நூறு சதவீதக் கம்பளி, 5க்கு 8 அடி, 6,000 ரூபாய் மட்டும்.’ “இவ்வளவு சீப்பா கிடைக்குதே, போட்டுடலாம்” என்று தோன்றுவது இயல்புதான். போடுவதற்கு முன் ஒரு சின்ன கணக்கு.

கைமுடிச்சுக் கம்பளம் என்பது தறியில் கட்டிய பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகக் கையால் போட்டு, வெட்டி, ஊடை நூலால் இறுக்கி உருவாவது. சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்பது நடுத்தரம். 5க்கு 8 அடி என்றால் 5,760 சதுர அங்குலம், அதாவது 5,76,000 முடிச்சுகள். கை தேர்ந்த நெசவாளர் ஒரு நாளில் 6,000 முதல் 10,000 முடிச்சு வரை போடுவார். 8,000 என்று வைத்தாலும் 72 நாள் வேலை. நாளுக்கு 500 ரூபாய் கூலி என்றால் கூலி மட்டுமே 36,000 ரூபாய். கம்பளி விலை, சாயம், கழுவுதல், லாரி வாடகை, இணையக் கடையின் கமிஷன் எதுவும் இன்னும் சேரவில்லை. முரட்டு ரகமாக 40 முடிச்சு என்று குறைத்தாலும் கூலி 14,500 ரூபாயைத் தொடுகிறது. அப்படியானால் 6,000 ரூபாய்க்கு வருவது என்ன?

பெரும்பாலும் அது ‘டஃப்டட்’ ரகம். துணியில் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி இறக்கி, பின்னால் லேடக்ஸ் பசை தடவி, மேலே இன்னொரு துணி ஒட்டிவிடுவார்கள். கருவியைப் பிடிப்பது கைதான் என்பதால் ‘கைவேலை’ என்ற சொல் முழுப் பொய்யும் இல்லை. அந்த இடைவெளியில்தான் வியாபாரம் ஓடுகிறது. டஃப்டட் வாங்குவதில் தவறில்லை. அதைக் கைமுடிச்சு என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. பசை சில வருடங்களில் காய்ந்து தூளாகக் கொட்டும். கைமுடிச்சு விரிப்போ ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பேரப்பிள்ளை காலம் வரை கிடக்கும்.

விலை குறைய இன்னொரு வழியும் உண்டு, அது கசப்பானது: நெசவாளர் வயிற்றில் அடிப்பது. உத்தரப் பிரதேசக் கம்பளத் தறிகளில் சிறுவர்கள் வேலை செய்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-ல் தீர்ப்பே வந்தது. அதற்கு முன்பே, 1994-ல், கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் குழந்தை உழைப்பு இல்லாத கம்பளங்களுக்கென ‘ரக்மார்க்’ முத்திரை தொடங்கியது. இப்போது அதன் பெயர் ‘குட்வீவ்’. எனவே நம்ப முடியாத விலையைப் பார்த்தால் சந்தோஷப்படுவதைவிட, யார் கூலியில் கை வைத்தார்கள் என்று கேட்பதே நியாயம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. விரிப்பின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். முன்பக்க வடிவம் பின்னாலும் அச்சாகத் தெரிந்து, முடிச்சுகள் சிறு சிறு மணிகளாக இருந்தால் கைமுடிச்சு. துணி ஒட்டியிருந்தால் இல்லை. ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், தைத்ததாக இருக்கக் கூடாது. ‘பேம்பூ சில்க்’ என்றால் கம்பளி அல்ல, பெரும்பாலும் விஸ்கோஸ். தண்ணீர் பட்டால் போச்சு. வீட்டுக்கு வந்தபின் உதிர்ந்த நூல் ஒன்றைக் கொளுத்திப் பார்க்கலாம்: கம்பளி என்றால் முடி கருகும் வாடை, செயற்கை இழை என்றால் உருகி உருண்டையாகும். பதோஹி வட்டாரக் கம்பளங்களுக்கு 2010 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. காஷ்மீர் கம்பளங்களுக்கு 2022 முதல் கியூஆர் கோடு லேபிளும் உண்டு.

பட்ஜெட் 6,000 தான் என்றால்? அளவைக் குறையுங்கள். 2க்கு 3 அடி, 40 முடிச்சு என்றால் 34,560 முடிச்சு, நாலரை நாள் வேலை. கட்டிலோரத்துக்கு அது போதும், விலையும் நியாயமாகப் பொருந்தும். ஹால் முழுக்க வேண்டுமென்றால் பவானி ஜமக்காளம் இருக்கிறது. பருத்திதான், ஆனால் பருத்தி என்று சொல்லியே விற்பார்கள். கம்பளியே வேண்டுமா? கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரக் குறும்பர்கள் ஆடு வளர்ப்போடு கம்பளி நெசவும் செய்து வந்தவர்கள். கர்நாடகப் பக்கம் சள்ளக்கெரே கம்பளி பெயர் பெற்றது. முடிச்சு இல்லை, பூவேலை இல்லை, கொஞ்சம் குத்தவும் செய்யும். ஆனால் குளிருக்கு அதுவே ஆள். ஓசூரிலிருந்து சென்னை போகும் அதே நெடுஞ்சாலையில் இருக்கும் வாலாஜாபேட்டையும் ஒரு காலத்தில் முடிச்சுக் கம்பளத்துக்குப் பேர்போன ஊர். 1908-ல் சென்னை அரசு வெளியிட்ட கம்பள நெசவு அறிக்கையில் அதற்குத் தனி இடம் உண்டு. இன்று ஓசூர்க்காரர்கள் பதோஹியிலிருந்து வரவழைக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஏமாந்துவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. விற்றவர் ஜெய்ப்பூரில் இருந்தாலும் வழக்கைக் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.